காலனிப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாதா?

ஆசிரியர் பயிற்சி முகாம் எந்த ஊரில் நடந்தாலும், தேநீர் இடைவேளையில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: “காலனிப் பிள்ளைங்களுக்குக் கணக்கு ஏறாது சார். அதெல்லாம் பரம்பரையா வரணும்.” சொல்கிறவர் இருபது வருடம் பாடம் நடத்தியவராக இருப்பார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். பச்சைப் பொய் இது. பி.எட். படித்தவர்கள் வாயில் வரவே கூடாத பொய்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களிடம் நடத்திய சோதனை, 2004இல் உலக வங்கி ஆய்வறிக்கையாக வந்தது. சிறுவர் இதழ்களில் முயலைக் கேரட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்வார்களே, அந்த மாதிரி வழிப்புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்தால் பரிசுக் காசு உண்டு. சாதி பற்றிப் பேச்சே எடுக்காதபோது, தலித் சிறுவர்கள் மேல்சாதிச் சிறுவர்களுக்குச் சமமாகவே முடித்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவரின் சாதியையும் படித்துக் காட்டிய பிறகுதான் தலித் சிறுவர்கள் பின்தங்கினார்கள். புதிரும் அதேதான், அந்தப் பிள்ளைகளின் மூளையும் அதேதான். இதில் பரம்பரை எங்கே வந்தது?

நம் வகுப்பில் சாதியை வாய்விட்டுப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கரும்பலகைக்கு யாரைக் கூப்பிடுகிறோம், தப்பாகச் சொன்னால் யாருக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறோம், யாரை “சரி, நீ உட்காரு” என்கிறோம் என்பதிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

“வீட்டில் சொல்லித்தர ஆளில்லை” என்பது அடுத்தது. உண்மைதான். அதற்காகத்தானே பள்ளிக்கூடம்?

“அதே சமூகத்து ஆசிரியரைப் போட்டால் சரியாகிவிடும்” என்பதும் கவைக்கு உதவாது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், விடைத்தாளின் முகப்பில் மாணவர் சாதியை மாற்றி மாற்றி எழுதித் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. குறைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களே. ஊறிப்போன எண்ணம் யாரையும் விடுவதில்லை.

“நான் சாதி பார்ப்பதே இல்லை” என்பவர்களும் இதைக் கேளுங்கள். பொதுத்தேர்வுத் தாளில் பெயரை மறைத்துத்தான் திருத்தத் தருகிறார்கள். பள்ளித் தேர்வுகளில் மட்டும் ஏன் கூடாது? வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்று, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அதோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். வருகிற காலாண்டுத் தேர்விலேயே பெயர்ப் பகுதியை மடித்து ஒட்டி, பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு தாள்களை மாற்றித் திருத்துங்கள். இதற்கு எந்த அரசாணையும் வர வேண்டியதில்லை.