கடை அவருடையது, காற்று யாருடையது?

"கடை என்னுடையது. வாடகை கொடுப்பவன் நான், வரி கட்டுபவன் நான். யாரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வரவில்லை. புகை ஒத்துக்கொள்ளாதவர் அடுத்த கடைக்குப் போகட்டும். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

தனியார் வியாபார நிலையங்களில் புகைத்தலை அரசு தடை செய்யலாமா என்ற விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும், எதிர்த்தரப்பு இப்படித்தான் தொடங்குகிறது. எமது விவாத அணி மாணவிகள் பலர் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லப் பார்க்கிறார்கள்: "புகைத்தல் கேடு, ஆகவே தடை சரி." இது பதிலாகாது. புகை நல்லது என்று கடைக்காரர் சொல்லவே இல்லை. அவர் கேட்பது அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. சீனியும் எண்ணெயும்கூட அளவு மீறினால் கேடுதான். அதற்காக ஒருவர் எத்தனை வடை தின்னலாம் என்று அரசு எண்ணிக்கொண்டிருக்கிறதா?

வடை தின்றவரின் தீமை அவர் உடம்போடு நின்றுவிடுகிறது, சிகரட் அப்படியல்ல என்பதுதான் முதல் வித்தியாசம். புகைப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடும் புகை ஒரு பங்குதான். அவர் இழுக்காத நேரத்தில் சிகரட்டின் எரியும் நுனியிலிருந்து நேரே அறைக்குள் போகும் புகையே பெரும்பங்கு. அது வடிகட்டி வழியாக வருவதும் இல்லை. புகையிலைப் புகையில் 7000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உண்டென்றும், அவற்றில் 70 அளவில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்றும் ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமையை நினைக்காமல் இருக்க முடியாது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல், தங்கள் பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. துளை போடும் பலகையும் அவர்களுக்குரிய பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நுழையும் கடல் நீர், இது யாருடைய பங்கு என்று கேட்பதில்லை. சொத்துரிமை வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தச் சட்ட நூலிலும் படித்ததில்லை.

சரி, கடைக்காரர் அடுத்த படிக்கு வருவார்: "கப்பலில் இருப்பவர் குதித்துப் போக முடியாது. என் கடைக்கு வருபவர் எழுந்து போகலாமே?" வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இது நியாயமான வாதம். ஆனால் கடையில் இருப்பவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தானா?

அயர்லாந்து இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது. 2004 மார்ச் 29 ஆம் திகதி, மூடிய வேலைத்தலங்கள் அனைத்திலும் புகைத்தலைத் தடை செய்த முதல் நாடாக அது ஆனது. உணவகங்களும் மதுபானசாலைகளும் அதில் அடங்கின. அப்போதைய சுகாதார அமைச்சர் மீஹால் மார்ட்டின், பின்னாளில் பிரதமரானவர். வாடிக்கையாளரின் சௌகரியத்துக்கான சட்டமாக அதை முன்வைக்காமல், தொழிலாளியின் பாதுகாப்புக்கான சட்டமாக அவர் முன்வைத்தார். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார். பரிமாறுபவரோ காலையிலிருந்து இரவு வரை அந்தக் காற்றில்தான் நிற்கிறார். மதுபானசாலை உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இருந்தும் சட்டம் வந்தது. மீறினால் 3000 யூரோ வரை தண்டம்.

மதுபானசாலை நமக்கு ஆகாத இடம் என்பது வேறு விடயம். அங்கே வேலை செய்தவர்களின் நுரையீரல்தான் இந்த விவாதத்துக்குச் சாட்சி. டப்ளின் நகரில் 42 மதுபானசாலைகளின் காற்றைத் தடைக்கு முன்பும் ஓராண்டு கழித்தும் அளந்தார்கள். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்கள் 83 சதவீதம் குறைந்திருந்தன. 73 ஊழியர்களையும் பரிசோதித்தார்கள். அவர்களில் புகைக்காதவர்களின் மூச்சுத்திறன் முன்னேறியிருந்தது.

"தொழிலாளி மட்டும் என்ன, வேறு வேலை தேடிக்கொள்ளலாமே?" என்று எதிரணி கேட்கலாம். இதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. எமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத்தது. ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேலி போட வேண்டும் என்பது அதன் விதி. "காப்பு இல்லாமலே வேலை செய்ய நான் சம்மதம்" என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் முதலாளி அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. கூலி தேவைப்படுபவனின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்பதைச் சட்டம் அன்றே விளங்கி வைத்திருந்தது. தொழிற்சாலையும் தனியார் சொத்துத்தான். அதற்குள் அரசு போனதை இன்று யாரும் குறை சொல்வதில்லை.

இனி, எனக்கே சிக்கலாகத் தோன்றிய ஒரு வழக்கு. நெதர்லாந்தில் உணவகங்களுக்கும் மதுபானசாலைகளுக்கும் 2008 ஜூலையில் தடை வந்தபோது, சிறு கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். "சட்டம் ஊழியரைப் பாதுகாக்கத்தானே? என் கடையில் ஊழியரே இல்லை. நான் ஒருவன்தான்" என்றார்கள். நேர்மையான வாதம். அவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் அனுதாபமும் உண்டு. 70 சதுர மீற்றருக்குக் குறைந்த, ஊழியர் இல்லாத கடைகளுக்கு 2011 இல் விலக்குக் கிடைத்தது. ஆனால் 2014 ஒக்டோபர் 10 ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 8 ஆவது உறுப்புரை ஊழியரை மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் அனைவரையும் பாதுகாக்கக் கோருகிறது என்பதே காரணம். எங்கள் பக்கத்துச் சிறு கடைகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. 'ஊழியர் இல்லாத கடை' என்பது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான். பாடசாலை விட்டு வந்து கல்லாவில் உட்காரும் மகனுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, நெஞ்சு இருக்கிறது.

அதே சமவாயத்தை இலங்கை 2003 நவம்பரில் ஏற்றது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கி, மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்தது. தனியார் கடையும் இதற்குள் வரும், உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள். 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டலும், குறைந்தது 30 பேர் அமரக்கூடிய உணவகமும், விமான நிலையமும் புகைப்பதற்கெனத் தனி இடம் ஒதுக்கலாம். இது எனக்கு உடன்பாடில்லை. பெரிய இடத்தில்தானே பரிமாறுபவர்களும் துப்புரவு செய்பவர்களும் அதிகம்? சாம்பல் கிண்ணத்தை எடுக்க ஒருவர் அந்த அறைக்குள் போகத்தான் வேண்டும். காற்றோட்டம் வைத்தால் போதும் என்பதும் எடுபடாது. வளிச்சீராக்கத்தையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரே, உள்ளே புகைத்தலை நிறுத்துவதைத் தவிர ஆபத்தை முற்றாக நீக்கும் வழி இல்லை என்று 2005 இல் அறிவித்துவிட்டது.

எதிரணியின் கையில் இருக்கும் கடைசி ஆயுதம்தான் பெண்பிள்ளைகளாகிய உங்களை நேரடியாகத் தொடுவது. "கடையில் தடுத்தால் வீட்டில் போய்ப் புகைப்பார்கள். மனைவி மக்களுக்குத்தான் கஷ்டம்." இதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. பிறர் விடும் புகையின் ஆபத்தை உலகம் கவனிக்கச் செய்த ஆய்வே மனைவியரைப் பற்றியதுதான். ஜப்பானில் தகேஷி ஹிரயாமா என்பவர், புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவை 1981 இல் வெளியிட்டார். அதிகம் புகைக்கும் கணவருடன் வாழ்ந்த பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அயர்லாந்தின் சட்டம்கூட வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

கடையில் தடை வந்தபின் வீட்டில் புகை கூடியதா? ஸ்கொட்லாந்து 2006 மார்ச்சில் தடையைக் கொண்டுவந்தபோது, ஆரம்பப் பாடசாலையின் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் உமிழ்நீரைச் சேகரித்து, நிக்கொட்டின் உடலில் சென்று மாறும் கொட்டினின் என்ற பொருளை அளந்தார்கள். தடைக்குப் பின் அது மொத்தத்தில் 39 சதவீதம் குறைந்தது. தந்தை மட்டும் புகைக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் 44 சதவீதம் குறைந்தது. எங்கள் வீடுகளில் புகைப்பவர் பெரும்பாலும் வாப்பாவோ நானாவோ என்பதால் இந்த எண்ணை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஆனால் தாயோ, தாய் தந்தை இருவருமோ புகைக்கும் வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. மேடையில் இந்தக் கேள்வி வந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மறைத்தால் எதிரணி அதை எடுத்து வைக்கும்.