பிள்ளைகளோடு வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு வெளிநாடு பார்த்து வரும் வழக்கம் இன்று நம் வீடுகளிலும் பெருகியிருக்கிறது. நம் முன்னோர் வணிகத்திற்காகவும் பிழைப்புக்காகவும் கடல் கடந்து சென்ற பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இன்று பேரப்பிள்ளைகள் சுற்றிப் பார்க்கச் செல்கிறார்கள். இதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் நடந்து சென்று அல்லாஹ் படைப்பைத் தொடங்கிய விதத்தையும், முன் வாழ்ந்தோரின் முடிவையும் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது.

ஆனால் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் ஐவேளையும் தவறாமல் தொழும் குடும்பங்களில்கூட, பயணம் என்று புறப்பட்டதும் தொழுகை கைநழுவிப் போகிறது. விமான நிலையத்தில் வக்து போய்க்கொண்டிருக்க, வாப்பா வரிசையில் நிற்கிறார். உம்மா பெட்டிகளை எண்ணுகிறார். இதைப் பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளை, தொழுகை என்பது ஊரில் இருக்கும்போது மட்டும் செய்யும் காரியம் என்றே விளங்கிக்கொள்கிறது. பத்து இடங்களைக் காட்டிவிட்டு இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பயணத்தில் நாம் பெற்றதைவிட இழந்ததே அதிகம். ஆகவே, முதலில் தொழுகை நேரங்களை எழுதிவைத்து, அதன்பிறகு பயணச்சீட்டு எடுங்கள் என்பதே இக்கட்டுரையின் சுருக்கம். அதன் விவரங்களைப் பார்ப்போம்.

நிய்யத்தும் பணமும்

பயணிக்குரிய சலுகைகளுக்குச் சரியான நோக்கம் ஒன்று வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். எந்த நோக்கமுமின்றி ஊர்களைப் பார்ப்பது மட்டுமே ஒரு நோக்கமாகாது. மன இறுக்கம் நீங்கி இளைப்பாறுவது நோக்கமாகும் என்று ஃபிக்ஹு நூல்கள் பிரித்துக் கூறுகின்றன. உறவினரைக் காண்பது, பிள்ளைகளுக்குப் படைப்பின் அத்தாட்சிகளைக் காட்டுவது, உடலுக்கும் உள்ளத்திற்கும் ஓய்வு தருவது என்று நிய்யத்தைச் சீராக்கிக்கொள்ள எந்தச் செலவும் இல்லை.

அடுத்தது பணம். ஹஜ்ஜு கடமையாகும் அளவுக்கு வசதி வந்தும் அதை நிறைவேற்றாதவர், அந்தப் பணத்தை உல்லாசப் பயணத்தில் செலவிடும் முன் நன்கு யோசிக்க வேண்டும். கடமையான ஆண்டிலேயே ஹஜ்ஜை நிறைவேற்ற வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் உறுதியான எண்ணத்துடன் தாமதிக்க அனுமதி உண்டு. ஆயினும் நிறைவேற்றாமலே இறந்துவிட்டால் அவர் பாவியாகவே இறக்கிறார். ஜகாத்தும் கொடுபட வேண்டிய கடனும் பாக்கியிருக்கும்போது அவற்றுக்கே முதலிடம். இப்போது ஊர் பார்த்துவிட்டுப் பிறகு மாதத் தவணையில் வட்டியோடு கட்டலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது வட்டிதான், சுற்றுலா என்ற பெயரால் அது ஹலாலாகிவிடாது.

சீட்டு எடுக்கும் முன்

ஜும்ஆ கடமையானவர் வெள்ளிக்கிழமை சுபுஹு நேரம் வந்தபிறகு ஊரைவிட்டுப் புறப்படுவது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்றிருந்தாலோ, உடன் வருவோரைப் பிரிந்து இடருக்கு ஆளாகும் நிலை இருந்தாலோ தவிர. வெள்ளிக்கிழமைச் சீட்டு கொஞ்சம் மலிவாக இருக்கிறது என்று எடுத்துவிடுவோர் இதைக் கவனிக்கட்டும். வியாழன் மாலையில் புறப்பட்டால் பிரச்சினை இல்லை.

நேர வேறுபாட்டையும் கணக்கிடுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்படும் விமானம் நம் கணக்கில் அதிகாலை 4 மணிக்குச் சேரும்; அங்கோ அப்போது காலை 6.30. அங்கே சுபுஹு ஏறக்குறைய 6 மணிக்கு வந்து, 7 மணியை ஒட்டிச் சூரியன் உதித்துவிடும். பிள்ளைகளை எழுப்பி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் வக்து முடிந்திருக்கும். சுபுஹை வேறு எந்தத் தொழுகையுடனும் சேர்த்துத் தொழ வழியில்லை. எனவே விமானம் இறங்கும் முன்பே உளூவுடன் இருந்து, இறங்கியதும் தொழும் அறை எங்கே என்று முதலில் கேளுங்கள். மலேசியாவில் அதைச் ‘சூராவ்’ என்பார்கள். விமான நிலையம், கடைவளாகம், நெடுஞ்சாலை ஓய்விடம் எங்கும் அது உண்டு.

கஸ்ரும் ஜம்உம்

ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், சொந்த ஊரின் எல்லையைக் கடந்ததும் ஒருவர் முஸாஃபிர் ஆகிறார். லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரகஅத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்குவது கஸ்ரு. சுபுஹிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. லுஹருடன் அஸரையும், மஃரிபுடன் இஷாவையும் ஒரே வக்தில் தொழுவது ஜம்உ.

ஹனஃபி மத்ஹபில் பயணி கஸ்ரு செய்வது வாஜிபு. ஆனால் அரஃபாத், முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் ஜம்உ இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுது அவர்கள் சிரமத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு, ஜம்உ இரண்டும் அனுமதி. முந்திய வக்தில் சேர்ப்பதானால் வரிசைப்படி தொழ வேண்டும். முதல் தொழுகை முடிவதற்குள் ஜம்உ நிய்யத்து வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி கூடாது. இரண்டாவதைத் தொடங்கும்வரை பயணம் நீடிக்க வேண்டும். பிந்திய வக்தில் சேர்ப்பதானால், முந்திய வக்து முடிவதற்குள் அந்த எண்ணத்தைக் கொண்டிருக்க வேண்டும். ஊரில் நிலையாக இருப்பவரைப் பின்பற்றித் தொழுதால், எந்த மத்ஹபினராயினும் நான்கையும் முழுமையாகவே தொழ வேண்டும்.

எத்தனை நாள் தங்குகிறீர்கள்?

பலர் தவறுவது இங்கேதான். வெளிநாட்டில் இருக்கும் நாளெல்லாம் கஸ்ரு உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் முழுமையாக 4 நாட்கள் தங்க எண்ணினால், அங்கே சேர்ந்ததுமே பயணி நிலை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அந்த அளவு 15 நாட்கள்.

கீழக்கரையிலிருந்து ஷாஃபிஈ குடும்பம் ஒன்று செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரமும் கோலாலம்பூரிலேயே தங்க எண்ணினால், அவர்கள் அங்கே முழுமையாகத் தொழ வேண்டும், ஜம்உ கூடாது, ஆண்களுக்கு ஜும்ஆவும் கடமை. மாறாக, திங்கள் பினாங்கு சேர்ந்து வெள்ளி புறப்பட்டு, அன்றே கோலாலம்பூர் சேர்ந்து, செவ்வாய் ஊர் திரும்பினால், இரண்டு ஊர்களிலும் முழு நாட்கள் மூன்றே. அவர்கள் பயணம் முழுவதும் முஸாஃபிர்களே. சலுகைக்காக நாட்களைக் குறைக்க வேண்டும் என்று கூறவில்லை. எந்த ஊரில் நம் நிலை என்ன என்பதைத் தெரிந்து செல்ல வேண்டும் என்பதே கருத்து.

விமானத்தில் இருக்கும்போதே ஒரு தொழுகையின் வக்து முழுவதும் கழியுமானால், நின்று கிப்லாவை நோக்கித் தொழ முயல வேண்டும். இயலாவிட்டால் அந்த நேரத்தின் கண்ணியத்திற்காக இயன்ற அளவில் தொழுதுவிட்டு, இறங்கியபின் மீண்டும் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம்.

பிள்ளைகள் விஷயம்

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழும்படி ஏவுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெற்றோருக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். அந்த ஏவல் பயணத்தில் நின்றுவிடுவதில்லை. பத்து வயதுப் பையனிடம் தொழுகை நேரங்கள் எழுதிய தாளைக் கொடுத்து, வக்து வந்ததும் நினைவூட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். மகளிடம் கிப்லா பார்க்கும் வேலையைக் கொடுங்கள். மலேசிய ஓட்டல் அறைகளில் கூரையிலோ மேசை இழுப்பறையிலோ கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதைத் தேடுவதே பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரு சொல். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்தபடி தொழுதிருக்கிறார்கள். எனவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொழலாம். ஆனால் அதன் அரைத்துணியில் அசுத்தம் இருந்தால் அந்தத் தொழுகை கூடாது. மாற்றிவிட்டுத் தூக்குங்கள், அல்லது கணவனும் மனைவியும் முறை வைத்துத் தொழுங்கள்.

மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்வது சுன்னத். மனைவியின் தங்கையோ அண்ணன் மனைவியோ தம் மஹ்ரம் துணையின்றி உடன் வருவதைத் தலைவரானவர் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கே தரப்படுவதால், அது காலாவதியாக 6 மாதங்களாவது மீதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் மலேசியாவானால் ஜாக்கிம், சிங்கப்பூரானால் மூயிஸ் வழங்கிய ஹலால் முத்திரையைப் பாருங்கள். விமானத்தில் முஸ்லிம் உணவு வேண்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

எதைக் காட்டுவது?

கோபுரங்களையும் கடைவீதிகளையும் பிள்ளைகள் தாமே பார்த்துவிடுவார்கள். அவர்கள் கேட்காத சில இடங்களையும் காட்டுங்கள். பினாங்கில் 1801-ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதிர் முஹ்யித்தீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. சிங்கப்பூரில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826-ல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. புதிய நாட்டில் கால் வைத்த நம் முன்னோர் தொழுவதற்கு ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார்கள் என்பதற்கு இவை சாட்சி. அந்தப் பள்ளியில் பிள்ளையை அருகில் நிறுத்தி இரண்டு ரகஅத் தொழுங்கள். நீண்ட சொற்பொழிவு எதுவும் தேவைப்படாது.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், வந்த காரியம் முடிந்தால் விரைந்து வீடு திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஊர் திரும்பியதும் அவர்கள் முதலில் பள்ளிவாசல் சென்று இரண்டு ரகஅத் தொழுவார்கள். நாமும் பெட்டிகளைப் பிரிக்கும் முன் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவ்வாறே செய்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இபாதத்தாக ஆக்கி, நம் மக்களைத் தொழுகையை நிலைநிறுத்துவோராக ஆக்கிவைப்பானாக! ஆமீன்.