கணினியின் தேதியைக் கவனியுங்கள்



சென்ற பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்துக்காகச் சரக்கெடுக்கச் சில்லறைக் கடைக்காரர்கள் விடியற்காலையே வந்துவிட்டனர். நமது மண்டியிலோ பில் போட முடியவில்லை.

நமது பழைய கணக்கு மென்பொருளைப் புதிய கணினிக்குள் 'மெய்நிகர் கணினி'யாக, அதாவது பெட்டிக்குள் பெட்டியாக, வைத்திருக்கிறோம். அது திறக்கவே இல்லை. பழுது பார்க்க வந்த தம்பி முதலில் வெளிக் கணினியின் தேதியைப் பார்த்தார். பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது!

உள் கணினி தொடங்கும்போது வெளிக் கணினியிடமே நேரம் கேட்கிறது. கடைசியாகக் கணக்கு எழுதிய தேதி இனிமேல் வரப்போகும் தேதியாகத் தெரிந்ததால், கோளாறென்று நின்றுவிட்டது. கணக்குக்குச் சேதமில்லை.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவை:

1. அவசரப்பட்டு உள் கணினியை அழிக்காதீர்கள். முதலில் அதற்கு நகல் எடுங்கள்.

2. வெளிக் கணினியில் தேதி, மணி, இந்திய நேரம் (+5.30) மூன்றையும் சரிசெய்து, பிறகு உள் கணினியைத் தொடங்குங்கள்.

3. மின்சாரம் நின்றதும் தேதி மறுபடி தவறினால், உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது 3 வோல்ட் சி.ஆர்.2032 வகை, மாற்றிவிடுங்கள்.

4. தவறான தேதியில் பில் போயிருந்தால் கணக்கரிடம் உடனே காட்டுங்கள்.

தராசு முத்திரையில் கவனமாயிருக்கும் நாம், கடை திறந்ததும் கணினித் தேதியையும் ஒருமுறை பார்ப்போம்.