வேகக் கப்பலுக்கு வேண்டிய கை

அன்புள்ள தம்பிக்கு,

பாசிர் கூடாங்கில் வெல்டிங் வேலை பார்க்கும் நீங்கள், அமெரிக்கக் கடற்படையின் ஸ்பியர்ஹெட் வகை வேகப் போக்குவரத்துக் கப்பலைப் பற்றிப் படித்துவிட்டு, "நம் ஜொகூரில் இதைக் கட்ட முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வகைக் கப்பலின் அருமை 1999இல் கிழக்குத் திமோரில் தெரிந்தது. ஆஸ்திரேலியக் கடற்படை, இன்கேட் நிறுவனம் கட்டிய 86 மீட்டர் வேகப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜெர்விஸ் பே என்று பெயரிட்டு, டார்வினுக்கும் டிலிக்கும் இடையே படைவீரர்களையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கியது. அதன்பின் அமெரிக்கா தனக்கென்றே கட்டச் சொன்னது. அலபாமாவின் மொபைல் நகரில் உள்ள ஆஸ்டல் பட்டறையிலிருந்து முதல் ஸ்பியர்ஹெட் 2012இல் கடற்படையின் கைக்கு வந்தது. நீளம் 103 மீட்டர். வேகம் மணிக்கு 35 கடல் மைல், அதாவது சுமார் 65 கிலோமீட்டர். முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களுக்கு அதில் இருக்கை உண்டு.

பெரிய இயந்திரம் வைத்தால் மட்டும் இந்த வேகம் வராது. சாதாரணக் கப்பலில் வேகத்தை இரட்டிப்பாக்க, இயந்திரத் திறனை ஏறக்குறைய எட்டு மடங்காக்க வேண்டும். அதனால்தான் அலையை அதிகம் கிளப்பாத இரண்டு ஒல்லியான அடிப்பகுதிகள். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள அலுமினியம். சுழலிக்குப் பதிலாக நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட்.

உங்கள் தொழிலுக்குச் சோதனை அந்த அலுமினியத்தில்தான். அது 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படியும் ஆக்சைடுப் படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். படலத்தைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால் இணைப்பு பிடிக்காது. எஃகில் தேய்த்த பிரஷ்ஷை இதில் வைக்கக்கூடாது. ஈரம் பட்டால் இணைப்புக்குள் ஹைட்ரஜன் குமிழ்கள் தங்கிவிடும். காற்று வீசினால் காக்கும் ஆர்கான் வாயு கலைந்துவிடும். மழையும் புழுக்கமும் ஓயாத ஜொகூரில் இதற்கு ஈரம் கட்டுப்படுத்திய மூடிய கொட்டகை கட்டாயம்.

பாசிர் கூடாங்குக்குக் கடற்படைக் கப்பல் புதிதல்ல. 1973இல் தொடங்கிய அங்குள்ள கப்பல் பட்டறையில்தான் 1980களில் கேடி மாரிக் ரோந்துக் கப்பல் உருவானது. பெரிய எண்ணெய் மேடைகளும் அங்கிருந்து கடலுக்குப் போயிருக்கின்றன. ஆனால் அவை எஃகு வேலை. அலுமினியக் கப்பலுக்குத் தனிக் கொட்டகை, தனிப் பயிற்சி, அடுத்தடுத்த ஆர்டர்கள் மூன்றும் வேண்டும். ஒரே ஒரு கப்பலுக்காக யாரும் அவ்வளவு முதல் போட மாட்டார்கள்.

ஆகவே என் பதில்: முடியும், ஆனால் இன்றே அல்ல. கொட்டகையும் ஆர்டரும் உங்கள் கையில் இல்லை, பயிற்சி இருக்கிறது. ஐஎஸ்ஓ 9606 தரத்தில் எஃகுக்கு முதல் பாகம், அலுமினியத்துக்கு இரண்டாம் பாகம். ஒன்றின் சான்றிதழ் மற்றதற்குச் செல்லாது. இரண்டாவதையும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்