குறுக்குவிசைகள் மோதாமல் இருக்க

விண்டோஸில் சொந்தக் குறுக்குவிசை அமைக்கும்போது, எந்த விசை காலியாக இருக்கிறது என்று தேடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். அது கணினி முழுவதும் வேலை செய்ய வேண்டுமா, ஒரு மென்பொருளுக்குள் மட்டும் போதுமா? மோதல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

பின்னணியில் ஓடும் மென்பொருள் ஒரு விசைக்கூட்டைக் கணினி முழுமைக்கும் பதிவு செய்துவிட்டால், நீங்கள் அழுத்துவது திறந்திருக்கும் வேர்டுக்குப் போய்ச் சேராது. அதே கூட்டை இன்னொரு மென்பொருள் அதே முறையில் கேட்டால் விண்டோஸ் மறுத்துவிடும். முதலில் கேட்டவருக்கே உரிமை. நேற்று வேலை செய்த குறுக்குவிசை இன்று கணினியைத் திறந்ததும் வேலை செய்யாமல் போனால், எந்த மென்பொருள் முந்திக்கொண்டது என்று பாருங்கள்.

ஆகவே ஒரு மென்பொருளுக்குள் முடியும் வேலையை அங்கேயே வையுங்கள். வேர்டில் 'ஆப்ஷன்ஸ்', 'கஸ்டமைஸ் ரிப்பன்' வழியாகக் குறுக்குவிசைப் பெட்டிக்குப் போய் ஒரு கூட்டை அழுத்தினால், அது ஏற்கெனவே எந்தக் கட்டளைக்குரியது என்று உடனே காட்டும். விஎஸ் கோடில் கன்ட்ரோல்+கே அழுத்தி, அடுத்து இன்னொரு விசையை அழுத்தும் இரண்டடுக்கு முறை இருக்கிறது. அதில் இடம் தாராளம்.

கணினி முழுமைக்கும் வேண்டுமென்றால் பலரும் கை வைப்பது கன்ட்ரோல்+ஆல்ட். டெஸ்க்டாப் ஐகானின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் ஒரு எழுத்தை அழுத்தினால் விண்டோஸே இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 'இங்கிலீஷ் (இந்தியா)' விசைப்பலகையில் கன்ட்ரோல்+ஆல்ட்+4 தான் ₹ குறி. அதை வேறு வேலைக்குக் கொடுத்தால் ரூபாய்க் குறி போய்விடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானைத் திறப்பதும் கன்ட்ரோல்+ஆல்ட்+என் தான். பலர் பயன்படுத்தும் கணினியில் அதைத் தொடவே கூடாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஆல்ட்+எண் கூட்டையும் கவனிக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டர் அதைக்கொண்டுதான் விசைப்பலகையை மாற்றுகிறது. ஆபீஸ் மென்பொருள்களிலோ ஆல்ட்+1, ஆல்ட்+2 போன்றவை மேலே உள்ள விரைவுப் பட்டையின் பொத்தான்களுக்கு உரியவை. அந்தப் பட்டையை நம்பி வேலை செய்பவர்களுக்கு விண்டோஸோடு வரும் தமிழ்99-உம், மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸுமே பொருத்தம்.

விண்டோஸ் விசை மைக்ரோசாஃப்டின் சொத்து. விண்டோஸ்+சி ஒரு காலத்தில் கோர்ட்டானாவுக்கு, பிறகு டீம்ஸ் அரட்டைக்கு, அதன்பின் கோபைலட்டுக்கு என்று கைமாறியது. விண்டோஸ்+எல் கூட்டை, விசைகளை மாற்றித்தரும் பவர்டாய்ஸாலும் மாற்ற முடியாது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், விண்டோஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று நம்பவும் வேண்டாம். அதோடு டபிள்யூ அழுத்தினால் வேர்டு திறக்கும். கன்ட்ரோல்+ஷிப்ட் கூட்டுகளில் பலவற்றைப் பிரவுசர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

என் தேர்வு எஃப்13 முதல் எஃப்24 வரை. சாதாரண விசைப்பலகையில் இவை இல்லை, ஆனால் விண்டோஸுக்கு இவற்றைத் தெரியும். மாற்றியமைக்கக்கூடிய மவுஸ் பொத்தானோ சிறு விசைப்பலகையோ வைத்திருப்பவர்கள் இவற்றை அதில் பொருத்திக்கொள்ளலாம், மோதல் அரிது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சேமிக்கும் முன் நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றுக் கோப்பில் அதை அழுத்திப் பாருங்கள். எதுவும் நடக்காவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.