ஆட்டை யார் மேய்ப்பார்?

தொண்டு நிறுவனம் தொடங்கப்போகிறோம் என்று வந்து நிற்கிறீர்கள், தம்பி தங்கைகளே. டாக்டர் கோ. வெங்கடசாமியைப் போல வர வேண்டும் என்றும் சொன்னீர்கள். கண் முகாம்களுக்கு ஆள் திரட்டியே தலை நரைத்தவன் நான். அவர் வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன்.

1. வயதையும் உடம்பையும் சாக்குச் சொல்லாதீர்கள். அவர் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்தக் கையால்தான் கண் ஆபரேஷன் செய்யப் பழகினார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976-இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 58 வயதில்.

2. கட்டடத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அவர் தொடங்கியது 11 படுக்கைகளோடு.

3. வீட்டாரிடம் மறைக்காதீர்கள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே தோள் கொடுத்தது. வீட்டை அடமானம் வைக்கும் நாள் வந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் உங்கள் வீட்டார்தானே?

4. நன்கொடையை மட்டும் நம்பாதீர்கள். கொடுக்க முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்கி, அதில் இல்லாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாதபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். எனக்கு இதுதான் அவருடைய மிகப் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

5. 'இலவசம்' என்று பலகை மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். கண்புரை என்று சீட்டு எழுதிக் கொடுத்தும் பலர் ஆபரேஷனுக்கு வரவில்லை. விசாரித்தால், பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு வருகிறவருக்குக் கூலி போகும். அதனால்தான் முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிப்போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது.

அப்படியும் ஒரு பாட்டி பஸ் ஏறவில்லை. சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "நான் வந்துட்டா ஆட்டை யாருப்பா மேய்ப்பா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த முகாமுக்கு முந்தின நாளே அந்தத் தெருவுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசி வைத்தேன். கட்டுப் பிரித்து ஊர் திரும்பிய பாட்டி வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே பட்டிக்குப் போய் ஆடுகளை எண்ணினார்.