மோட்டார் சைக்கிள் ஆசனத் தோலில் சித்திர வேலை பயிலும் முறை

தோலின்மேல் கொடியும் மலரும் புடைத்துத் தோன்றும்படி செய்யும் சித்திர வேலை, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரைச் சேணம் செய்வோரிடையே சிறப்பாக விருத்தியடைந்த கைத்தொழிலாகும். வயோமிங் மாகாணத்து ஷெரிடன் நகரில் டான் கிங் என்னும் சேணத் தொழிலாளர், சுழன்று வரும் கொடிகளினிடையே காட்டு ரோஜாக்களை நெருக்கமாக அமைத்தார். இம்முறை இன்றும் அந்நகரின் பெயராலேயே வழங்குகிறது. அவருக்கு 1991-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசியப் பாரம்பரியக் கலை விருது அளிக்கப்பட்டது. சேணத்தில் செய்த இவ்வேலையையே மோட்டார் சைக்கிள் ஆசனத்திலும், கருவிப் பையிலும், பக்கப் பைகளிலும் இப்பொழுது செய்கின்றனர். வண்டிக்குரியவர் விரும்பும் வண்ணம் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருப்பதால், இது கைத்திறனுக்கு இடமளிக்கும் தொழிலாகும். ஆயினும் முறையறியாமல் இறங்குவோர் தோலுக்கும் உபகரணங்களுக்கும் இட்ட பணத்தை இழக்க நேரும். ஆகையால் அங்கத்தினர்கள் கீழ்க்கண்ட விஷயங்களைக் கவனித்தல் அவசியம்.

1. தோல்: மரப்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலே இவ்வேலைக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் பதனிடுவது இவ்வகையைச் சேர்ந்ததே. குரோம் உப்பினால் பதனிட்ட தோல் மிருதுவாகவும் அழகாகவும் இருப்பினும், அச்சு அதில் நிலைத்து நில்லாது. வாங்குமுன் ஒரு துண்டை நனைத்து நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். தடம் அப்படியே நின்றால் வாங்கலாம். வெட்டிய விளிம்பு நீலச் சாம்பல் நிறமாயிருந்தால் அது குரோம் தோலென்று சந்தேகிக்க வேண்டும். ஆசனத்துக்குச் சுமார் 3 முதல் 3½ மில்லிமீட்டர் கனமுள்ள தோல் தகும்.

2. ஈரம்: பஞ்சினால் தோலைச் சீராக நனைத்துச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். மேற்புறம் இயல்பான நிறத்துக்குத் திரும்பத் தொடங்கி, தொட்டால் குளிர்ச்சியாயிருக்கும் வேளையே தக்க பக்குவம். ஈரம் மிகுந்தால் பதித்த உரு மங்கிவிடும். குறைந்தால் கத்தி தடைப்படும். நனைந்த தோலில் இரும்பு படலாகாது. பட்டால் தோலிலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து நீலக் கறையாகும். அக்கறை எளிதில் போகாது. ஆகவே நீருக்கு இரும்புப் பாத்திரத்தை உபயோகிக்கக் கூடாது.

3. வேலை வரிசை: தோலை வழுவழுப்பான கற்பலகையின்மேல் வைத்து, சித்திரத்தை மழுங்கிய ஊசிமுனையால் பதிக்க வேண்டும். பிறகு விரலால் திருப்பத்தக்க சுழல் கத்தியால் கோடுகளைக் கீற வேண்டும். கீற்று தோலின் கனத்தில் பாதியைத் தாண்டலாகாது. ஆழ்ந்து கீறிய ஆசனம் ஆள் பாரத்தில் அவ்விடத்திலேயே பிளந்துவிடும். அடுத்து, சரிவான முகமுள்ள அச்சினால் கோட்டின் வெளிப்புறத்தை அமுக்கினால் மலர் மேலெழுந்து தோன்றும். பின்னர் இதழுக்குக் குழிவும், இலைக்கு நரம்பும் இட்டு, பின்னணியைத் தாழ்த்த வேண்டும். அலங்காரக் கீற்றுகள் கடைசியில் வரும். அச்சுகளை இரும்புச் சுத்தியால் அடித்தால் தலை நசுங்கும். மரக் கொட்டாப்புளியே தகுந்தது.

4. ஆசனம்: அச்சு அடிக்கும்பொழுது தோல் விரியும். ஆதலால் அடிப்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டி, விளிம்பில் மிகுதி விட்டு, வேலை முடிந்தபின் காகித அளவை மறுபடியும் வைத்துப் பார்த்தே இறுதியாக வெட்ட வேண்டும். தொடை உராயும் இடத்தில் மெல்லிய உருவும், பக்கவாட்டில் பெரிய உருவும் அமைத்தல் நன்று. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துத் தைத்தால், ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது தாங்கும். சாயமும் சிறிதளவு எண்ணெயும் மெழுகும் கடைசியில் இடுக. நனைந்த ஆசனத்தை நிழலில் உலர்த்துமாறும், தோற்பைகளைப் புகைக்குழாயின் அருகே கட்டாதிருக்குமாறும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். ஈரத்தோல் வெப்பத்தால் சுருங்கி விறைத்துப்போகும்.

5. பயிற்சியும் செலவும்: முதலில் கழிவுத் துண்டுகளில் நேர்கோடும் வளைவும் கீறிப் பழகுக. பிறகு சாவிக்கொத்துப் பட்டை, இடுப்புவார், கருவிப் பை என முறையாகச் சென்று, கடைசியில் ஆசனத்தைத் தொடுக. வார் கெட்டால் இழப்பு சிறிது. ஆசனம் கெட்டால் பெருந்தோலும் பிறர் நம்பிக்கையும் ஒருங்கே போய்விடும். பயில்வோர் சிலர் கூடி ஒரு தோலையும் ஒரு தொகுதி அச்சுகளையும் பொதுவில் வாங்குதல் சிக்கனமாகும். கத்தி மட்டும் அவரவருக்குத் தனியே இருத்தல் நலம். பிறருக்குச் செய்யும்பொழுது அளவு, சித்திரம், கூலி ஆகியவற்றை எழுத்து மூலம் உறுதி செய்து, தோலின் விலையை முன்பணமாகப் பெற்ற பின்னரே கத்தியை எடுக்க வேண்டும். செலவான தோலையும் உழைத்த மணியையும் அன்றன்றே குறித்து வருபவர், தம் வேலைக்கு நியாயமான விலை கேட்க அஞ்சவேண்டியதில்லை.